விலக்கிவிட்ட குற்றம்

பொதுமக்கள் பார்த்துக்கொண்டிருக்கும் சண்டையை விலக்கிவிடுவது தண்டனைக்குரிய குற்றம் என்பது கண்ணாடிக்கடைக்காரருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அவர் பாட்டுக்குக் கடைக்குள்ளேயே இருந்திருப்பார். சமாதானத்தின் மேல் அவருக்குத் தனிப் பற்று ஏதும் கிடையாது. வாசலில் ஆளுயரக் கண்ணாடிகளைச் சாய்த்து வைத்திருந்தார்; ஸ்கூட்டர் நிறுத்தும் தகராறில் நெட்டையர் ஒருவரும் குட்டையர் ஒருவரும் அங்கேதான் கட்டிப் புரண்டார்கள். ஓடிப்போய்ப் பிரித்துவிட்டார், அவ்வளவுதான்.

மறுநாளே நகராட்சியிலிருந்து அழைப்பு வந்தது. பொதுக்காட்சிப் பிரிவு அதிகாரி தங்கமான மனிதர். உட்காரச் சொன்னார், டீ வரவழைத்தார், பிறகு கடை உரிமத்தை ரத்து செய்யப்போவதாகச் சொன்னார். தெருவே செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்ததாம். ரத்தம் வரப்போகிற நேரம் பார்த்துக் குறுக்கே இவர் முதுகு. எதிர்வீட்டு மாடியில் படுத்த படுக்கையாகக் கிடக்கும் ஒருவர், தமக்கிருந்த ஒரே ஆறுதலும் போயிற்று என்று புகார் கொடுத்திருந்தார்.

"உயிர் போயிருந்தா என்ன சார் பண்றது?"

"அது வேற டிபார்ட்மென்ட்," என்றார் அதிகாரி.

கடை போனால் குடும்பம் நடுத்தெருவுக்கு வந்துவிடும் என்று கடைக்காரர் அழாத குறையாகக் கெஞ்சினார். அதிகாரி மனமிரங்கினார். விதியில் ஒரு சலுகை இருந்தது: கலைத்த சண்டையைக் கலைத்தவரே தம் சொந்தப் பொறுப்பில் முன்பிருந்த நிலைக்குக் கொண்டுவந்துவிட்டால் மன்னிப்பு உண்டு.

சிக்கல் என்னவென்றால், சண்டை போட்ட இருவரும் அதற்குள் நகமும் சதையுமாகிவிட்டார்கள். சொன்ன நேரத்துக்கு ஒரே ஸ்கூட்டரில் வந்து கடை வாசலில் இறங்கினார்கள். கூட்டம் முன்னமே கூடியிருந்தது. அதிகாரிக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். கடைக்காரர் குட்டையரைத் தனியே அழைத்து, நெட்டையர் உங்களை முட்டாள் என்கிறார் என்று கோள் மூட்டினார்.

"அவர் சொன்னா சரியாத்தாங்க இருக்கும்," என்றார் குட்டையர்.

கூட்டம் முணுமுணுத்தது. அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கடைக்காரர் வேறு வழி தெரியாமல் நெட்டையர் கன்னத்தில் பளாரென்று ஒன்று விட்டார்.

தெருவே கைதட்டியது. வெட்கத்தை விட்டுச் சொன்னால், கடைக்காரருக்கும் அது இதமாகத்தான் இருந்தது. இன்னொன்றும் வைத்தார். உயிர் நண்பனை அடித்தால் குட்டையர் சும்மா இருப்பாரா? இருவருமாகச் சேர்ந்து அவரைக் கீழே தள்ளி மொத்து மொத்தென்று மொத்தினார்கள். கண்ணாடிகள் ஒவ்வொன்றாக நொறுங்கின. அதிகாரி திருப்தியுடன் மன்னிப்பு ஆணையில் கையெழுத்துப் போட்டார்.

யாராவது விலக்கிவிட மாட்டார்களா என்று கடைக்காரர் தலையைத் தூக்கிப் பார்த்தார். சட்டத்தை மதிக்கிற ஊர். ஒருவரும் அசையவில்லை.

முன்வரிசையில் அவர் மனைவி நின்றாள். கண்ணீர் தாரை தாரையாக வழிந்தது. செல்போன் பிடித்த கை மட்டும் ஆடவில்லை.

"என்னங்க," என்றாள் விம்மிக்கொண்டே, "கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க. முகமே விழல."