காருக்குக் குறி கேட்ட கதை

என் வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான் அம்மனிடம் குறி கேட்டிருக்கிறேன். வேலையைப் பற்றியோ பிள்ளைகளைப் பற்றியோ அல்ல, ஒரு காரின் என்ஜினைப் பற்றி. அதையும் அமாவாசைக் கூட்டத்தின் நடுவில், வருங்கால மாமனார் காதில் விழும்படி கேட்டேன். இதை நானே சொல்லிவிடுவது நல்லது. நான் சொல்லாவிட்டால் என் மனைவி சொல்லுவாள், அவள் நடித்தும் காட்டுவாள்.

எண்பதுகளில் செஞ்சி கடைத்தெருவில் எனக்கு ஒரு போட்டோ ஸ்டூடியோ இருந்தது. கல்யாணப் படம் எடுக்கப் போகிற இடத்திலெல்லாம் மாப்பிள்ளை அழைப்புக்குக் கார் கிடைக்காமல் பெண் வீட்டார் திண்டாடுவதைப் பார்ப்பேன். நம்மிடமே ஒரு பழைய சீமைக் கார் இருந்தால் ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடலாம், மாப்பிள்ளையை அதன்மேல் சாய்ந்து நிற்கவைத்துப் படமும் எடுக்கலாம் என்று தோன்றியது. (உண்மைக் காரணம் வேறு. அப்போதுதான் எனக்குத் தளவானூரில் பெண் பார்த்திருந்தார்கள். 'கார் வைத்திருக்கிற மாப்பிள்ளை' என்று நாலு பேர் சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.)

திண்டிவனம் ரோட்டில் ஏகாம்பரம் என்று ஒரு வண்டி வியாபாரி. டிராக்டர், ஆயில் என்ஜின், பழைய கார் எல்லாம் வாங்கி விற்பவர். வெள்ளை வேட்டி, நெற்றி நிறையக் குங்குமம், கோபமே வராத முகம். அமாவாசை தவறாமல் மேல்மலையனூர் போவார். அங்கே அவர்மேல் அங்காளம்மன் வரும். அந்த நேரத்தில் அவர் வாயில் பொய்யே வராது என்று ஊரே சொல்லும். மற்ற நேரங்களைப் பற்றி ஊர் ஒன்றும் சொன்னதில்லை.

அவருடைய கொட்டகையில்தான் அந்தக் காரைப் பார்த்தேன். கத்திரிப்பூ நிறம், முட்டைக் கண் விளக்குகள், பின்பக்கம் பித்தளை மூடி போட்ட பெட்ரோல் டேங்க். வெள்ளைக்காரன் ஊரைவிட்டுப் போகும்போது மறந்துவிட்டுப் போன மாதிரி நின்றது.

“தம்பி, இது வண்டி இல்ல. வூட்டுக்கு வர்ற மருமவ மாதிரி. மொகம் சுளிக்காம வெச்சிக்கினா சாவற வரைக்கும் கூட இருக்கும்” என்றார் ஏகாம்பரம்.

“யாரு சாவற வரைக்கும்?” என்று கேட்டார் கூட வந்திருந்த என் நைனா (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவேன்). ஏகாம்பரம் சிரித்தபடியே சாவியை எடுத்தார்.

திண்டிவனம்வரை ஓட்டிக் காட்டினார். போக வர ஒரு தும்மல்கூட இல்லை. அந்த வருடத்து மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விற்ற பணத்தை நைனா மனசே இல்லாமல் எடுத்துக் கொடுக்க, கார் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தது. நானே பூஜை போட்டேன். விளக்குகளுக்குச் சந்தனம், ஸ்டியரிங்குக்குச் சந்தனம், நான்கு சக்கரத்துக்கும் சந்தனம். வண்டி சாப்பிடுகிற வாய்க்கு வைக்காமல் விடலாமா என்று அந்தப் பித்தளை மூடியின் நடுவிலும் ஒரு பெரிய பொட்டாக வைத்து, மேலே குங்குமமும் வைத்தேன். அடுத்த வாரமே கார் நடுரோட்டில் நின்றது.

அது நின்ற விதம் விசித்திரமானது. ஏழெட்டு மைல் தங்கமாக ஓடும். பிறகு இரண்டு முறை இருமும், முன்னும் பின்னும் ஆடும், நின்றுவிடும். பெட்ரோல் காட்டுகிற முள் எப்போதோ செத்துப் போயிருந்தது. அதனால் நின்றவுடன் முதல் வேலையாகப் பின்னால் போய் மூடியைத் திறந்து ஒரு குச்சியை விட்டுப் பார்ப்போம். பெட்ரோல் இருக்கும். அதற்குப் பிறகு வழியில் போகிறவர்கள் ஆளுக்கொரு வைத்தியம் செய்வார்கள். ஒரு லாரி டிரைவர் கார்புரேட்டரை ஸ்பேனரால் நாலு தட்டு தட்டினார், கிளம்பியது. இன்னொருவர் பெட்ரோல் பம்ப்மேல் ஈரத்துணி போட்டார், கிளம்பியது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டார், அதற்கும் கிளம்பியது. இந்தக் காரின் கெட்ட குணம் அதுதான். எல்லா வைத்தியரையும் கெட்டிக்காரராக ஆக்கிவிடும்.

ஏகாம்பரத்திடம் கொண்டுபோனால் அவரும் முதலில் பெட்ரோல் பார்ப்பார். பிறகு பிளக்கைத் துடைப்பார், காயிலை மாற்றுவார், காசு வாங்க மாட்டார், டீ வேறு வாங்கித் தருவார். வண்டி பாடிக்கொண்டே கிளம்பும்.

“நீங்களே திருப்பி எடுத்துக்குங்க” என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

“ஓடற வண்டிய எப்படி தம்பி திருப்பி எடுப்பன்? ஏகாம்பரம் நின்ன வண்டிய வித்தான்னு ஊர்ல பேசமாட்டாங்களா?” என்று என்னையே நியாயம் கேட்டார். கோபப்படாத மனிதனோடு சண்டை போடுவது எப்படி என்று எனக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை.

கார் நிற்க நிற்க என் பக்தி கூடியது. வெள்ளிக்கிழமைதோறும் கழுவி, புதிதாகச் சந்தனம் வைத்தேன். பெட்ரோல் மூடிக்கு மட்டும் கொஞ்சம் தாராளமாக, அழுத்தியே வைத்தேன்.

இந்த நிலையில் நிச்சயதார்த்தம் வந்தது. வரிசைத் தட்டுகளோடு தளவானூர் எல்லைக்குப் போய்க் கார் நின்றது. இந்த முறை எந்த வைத்தியரும் அந்தப் பக்கம் வரவில்லை. பதற்றத்தில் பெட்ரோல் பார்க்கவும் யாருக்கும் தோன்றவில்லை. பழத்தட்டும் பூத்தட்டும் மாட்டு வண்டியில் ஏறிப் போக, ராகுகாலம் பிறந்த பிறகு பெண் வீட்டு வாசலில் போய் இறங்கினோம். இறங்கியவுடன் என் அத்தை வாயைத் திறந்தார்.

“அவங்க ஊர் எல்லையில வந்து நிக்குதுன்னா இன்னா அர்த்தம்? பொண்ணு ராசி அப்பிடி.”

மெதுவாகத்தான் சொன்னார். அத்தை மெதுவாகச் சொன்னால் அது பக்கத்துத் தெருவரை கேட்கும். உள்ளே புடவை மாற்றிக்கொண்டிருந்த பெண்ணுக்கும் கேட்டது. பெண் பெயர் செல்வி. அவளுடைய அப்பா பள்ளிக்கூடத் தலைமையாசிரியர். இரண்டு நாள் கழித்து ஸ்டூடியோவுக்கு வந்தார். படம் எடுக்க உட்காருகிற ஸ்டூலிலேயே நேராக உட்கார்ந்துகொண்டார்.

“எம் பொண்ண ராசி இல்லாதவன்னு காலம்பூரா சொல்ற வூட்டுக்கு நான் அனுப்பமாட்டன். வர்ற அமாவாசைக்கு மேல்மலையனூர் போய் அம்மன் காலடியில பத்திரிகை வெக்கறதா இருக்கோம். உங்க வண்டியிலயே போலாம். நிக்காம போய் வந்துச்சின்னா கல்யாணம். இல்லாட்டி வித்தவன்கிட்ட வண்டிய தள்ளிவிட்டுட்டு வந்து பேசுங்க. அதுவும் முடியலன்னா வேற எடம் பாத்துக்குங்க” என்றார்.

எனக்குச் செல்வியைப் பிடித்திருந்தது. மிகவும் பிடித்திருந்தது. ஒரு கார்புரேட்டரால் அவளை இழக்க நான் தயாராக இல்லை. அன்று மாலையே போய்க் காருக்கு இன்னொரு முறை சந்தனம் வைத்தேன். வேறென்ன செய்வது?

அமாவாசை அன்று முன்சீட்டில் நைனா. பின்சீட்டில் தலைமையாசிரியர், அவர் மனைவி, நடுவில் மஞ்சள் தடவிய பத்திரிகையோடு செல்வி. வழியில் வளத்தி என்ற ஊரில் பூவும் பழமும் வாங்க நிறுத்தினோம். நைனாவுக்கு இருப்புக் கொள்ளாமல் இறங்கிப் போய்ப் பெட்ரோல் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு வந்தார். அதன் பிறகு மேல்மலையனூர் எல்லைவரை கார் நிற்கவில்லை. எல்லையில் நின்றது. முன்னால் ஜனக்கடல். பின்னால் ஸ்பெஷல் பஸ்கள் வரிசையாக நின்று ஹாரன் அடித்தன. ஒரு கண்டக்டர் இறங்கி வந்து என் குலம் கோத்திரம் எல்லாவற்றையும் விசாரித்துவிட்டுப் போனார்.

நைனா வழக்கம்போல் குச்சியோடு பின்பக்கம் போனார். நான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் கூட்டத்தைப் பார்த்தேன். பத்தடி தள்ளி, ஈர வேட்டியும் கையில் வேப்பிலையுமாக ஏகாம்பரம் ஆடிக்கொண்டிருந்தார். அம்மன் வந்திருந்தாள். சுற்றி நின்றவர்கள் குறி கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அந்த நிமிடத்தில் எனக்கு உதித்த யோசனையை நான் மிகவும் கூர்மையானதாக நினைத்தேன். சும்மா இருக்கிற ஏகாம்பரம் மழுப்புவார். சாமி வந்த ஏகாம்பரம் பொய் சொல்ல முடியாது. இத்தனை பேர் முன்னால், மாமனாருக்குக் கேட்கும்படி, 'வண்டியைத் திருப்பி வாங்கிக்கொள்' என்று அம்மனே அவருக்கு உத்தரவு போட்டுவிட்டால்? கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் எதிரில் நின்றேன்.

“கேளுடா!” என்றது சாமி.

“தாயே, எனக்கு ஒரு காரு வித்தாங்க. அது நின்னு நின்னு போவுது. வித்தவரு திருப்பி எடுத்துக்க மாட்டேங்கறாரு. நீதான் ஒரு வார்த்த சொல்லணும்.”

“யாருடா வித்தவன்?”

இங்கேதான் இலக்கணத்தில் மாட்டிக்கொண்டேன். 'நீங்கதான்' என்றால் அங்காளம்மனைக் கார் வியாபாரி ஆக்கியதாகிவிடும். 'ஏகாம்பரம்' என்று சொல்லலாம் என்றால், அவர் முகத்தைப் பார்த்தே அவரைப் பேர் சொல்லிப் புகார் செய்ய வாய் வரவில்லை.

“இப்ப நீ யார் மேல வந்துருக்கியோ… அவருதான், தாயே” என்றேன்.

உடுக்கைச் சத்தம் நின்றது. பின்னால் யாரோ சிரிப்பை அடக்கி, முடியாமல், இருமலாக மாற்றினார்கள். சாமி என்னை மேலும் கீழும் பார்த்தது.

“அவன் எம் புள்ளடா! எம் புள்ள குடுத்த வண்டியில கொற இல்ல. ஓட்றவன் மேலதான் கொற! சந்தனம் சாத்துடா! சாத்து, ஓடும்!”

என் நெற்றியில் ஒரு பிடி சாம்பல் விழுந்தது. திரும்பினேன். தலைமையாசிரியர் நேர் பின்னால் நின்றுகொண்டிருந்தார். தேர்வு முடிவு வந்துவிட்டது என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

இருந்தாலும் உத்தரவு உத்தரவுதானே. பக்கத்துப் பூஜைக் கடையில் இருந்த சந்தனம் முழுவதையும் வாங்கினேன். ஜனங்களும் கை கொடுத்தார்கள். கத்திரிப்பூ நிறம் தெரியாத அளவுக்குச் சாத்தினோம். பெட்ரோல் மூடிக்கு நானே அடை தட்டுவதுபோல் தட்டினேன். உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன். கார் கிளம்பியது! பெண்கள் குலவை போட்டார்கள். பத்திரிகை வைத்து, கும்பிட்டு, நிமிர்ந்த நெஞ்சோடு திரும்பினோம். பின்சீட்டிலிருந்து மாமியார் என்னை முதல்முறையாக “மாப்பிள்ள” என்று கூப்பிட்டார்.

வளத்தி வருவதற்குள், இரண்டு பக்கமும் மல்லாட்டைக் கொல்லையைத் தவிர வேறொன்றும் இல்லாத இடத்தில், கார் இருமியது. ஆடியது. நின்றது.

தலைமையாசிரியர் கதவைத் திறந்து இறங்கி, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, பஸ் வருகிற திசையைப் பார்த்து நின்றார். எனக்கு அழுகை வந்தது. உண்மையாகவே வந்தது. சாம்பல் கண்ணில் பட்டதாகச் சொல்லிச் சமாளித்தேன்.

நைனா குச்சியைத் தேடிக்கொண்டிருந்தார். அப்போது செல்வி இறங்கி நேராகக் காரின் பின்பக்கம் போனாள்.

“அப்பா, அவர இந்த மூடிய தெறக்கச் சொல்லுங்க” என்றாள். (அதுவரை அவள் என்னோடு நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை.)

திறந்தேன். 'உஸ்' என்று ஒரு சத்தம் வந்தது. எப்போதும் வருகிற சத்தம்தான். அதை நான் பெட்ரோலின் பெருமூச்சு என்று நினைத்திருந்தேன்.

“வளத்தியிலயும் இந்த சத்தம் கேட்டுச்சி. கோயில்கிட்டயும் கேட்டுச்சி. தெறந்தா ஓடுது, மூடினா நிக்குது. மண்ணெண்ண டின்னுல ஒரே ஓட்ட போட்டா எண்ண ஊத்துமா? காத்து போவ இன்னொரு ஓட்ட வேணாமா? இதுல காத்து போற ஓட்ட எங்க?” என்றாள்.

மூடியை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். உள்பக்கம் நடுவில், வெளியே போகிற ஊசிமுனை அளவுத் துளை ஒன்று. அது அடைத்துக்கொண்டிருந்தது. புடவைத் தோளிலிருந்து ஊக்கைக் கழற்றிக் குத்தினாள். ஊக்கின் முனையில் சின்னச் சின்னதாக வந்து விழுந்தது என் பக்தி. ஒரு வெள்ளிக்கிழமை மஞ்சள், ஒரு வெள்ளிக்கிழமை சிவப்பு என்று அடுக்கடுக்காக இருந்தது.

“இங்க யாரு சந்தனம் வெச்சது?” என்று இந்த முறை என்னையே நேராகப் பார்த்துக் கேட்டாள்.

என் விரல்கள் மஞ்சளாக இருந்தன. நைனா குச்சியைக் கீழே போட்டுவிட்டு மண்ணில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். தலைமையாசிரியர் மூடியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அந்த முகத்திலும் மெல்ல மெல்லச் சிரிப்பு வந்தது.

“அம்மா சரியாத்தான் சொல்லியிருக்கா. வண்டிமேல கொற இல்ல” என்றார். பிறகு காரில் ஏறி உட்கார்ந்துகொண்டார். கார் எங்கும் நிற்காமல் செஞ்சி வந்தது, அங்கிருந்து தளவானூரும் போனது. அதற்குப் பிறகு நின்றதே இல்லை.

கல்யாணத்துக்கு ஏகாம்பரமும் வந்திருந்தார். அன்று மேல்மலையனூரில் சொன்னது நினைவிருக்கிறதா என்று மெதுவாகக் கேட்டேன்.

“அந்த நேரத்துல எனக்கு ஒண்ணும் தெரியாது தம்பி. ஏன், அம்மா இன்னா சொன்னா?” என்று பரிவாகக் கேட்டுவிட்டு, பரிசுப் பொட்டலத்தைக் கையில் கொடுத்தார். பிரித்துப் பார்த்தால் சந்தனக் கிண்ணம். தெரிந்து கொடுத்தாரா தெரியாமல் கொடுத்தாரா என்பதை அந்த முகத்திலிருந்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது. அத்தை அதன் பிறகு ராசியைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டார். வீட்டில் மிக்ஸி நின்றாலும் மோட்டார் நின்றாலும் “மாமா அதுக்கும் பொட்டு வெச்சாரா?” என்பது எங்கள் சொந்தத்தில் வழக்கமாகிவிட்டது.

போன வருடம் எனக்கு நெஞ்சு வலித்தது. படம் எடுத்துப் பார்த்த டாக்டர், ரத்தக்குழாயில் ஓர் அடைப்பு இருக்கிறது என்றார். மகள் முகம் வெளுத்துவிட்டது. செல்வி என் பக்கத்தில் வந்து நின்றாள். அவள் கை தாலிச் சரட்டில் கோத்திருந்த ஊக்கைப் பிடித்துக்கொண்டிருந்தது. கண் கலங்கியிருந்தது. பிறகு டாக்டரிடம் சொன்னாள்:

“அங்கயும் சந்தனம் வெச்சிருப்பாரு, சார். நல்லா பாருங்க.”