பெயர் எழுதாத கேள்விப் பெட்டி

சுகாதாரமும் உடற்கல்வியும் படிப்பிக்கும் ஆசிரியனாகி மூன்று வருடம்வரை, ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்தில் ஒரு பாடத்தை மட்டும் நான் படிப்பிக்கவே இல்லை என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். கட்டிளமைப் பருவம் என்று தலைப்பு; பிள்ளைகள் வயதுக்கு வருவது பற்றியது. அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் எனக்குத் தொண்டை கட்டிவிடும், அல்லது விளையாட்டுப் போட்டிக்கு ஒத்திகை தொடங்கிவிடும். "இத வீட்ல வாசிச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டு முதலுதவிக்குத் தாவிவிடுவேன். (முதலுதவி அப்போது எனக்குத்தான் தேவைப்பட்டது.)

அக்குறணை தாண்டி மாத்தளை வீதியில் இருந்தது பள்ளிக்கூடம். ஒருமுறை பயிற்சிக்கென்று எங்களைக் கண்டிக்குக் கூப்பிட்டு, இனிமேல் வகுப்பில் விரிவுரை செய்யக் கூடாது என்று இரண்டு நாள் விரிவுரை செய்தார்கள். பிள்ளைகள் மனப்பாடம் செய்யக் கூடாதாம், திறன் பெற வேண்டுமாம். பேசும் திறன், முடிவெடுக்கும் திறன், கோபத்தை அடக்கும் திறன் எல்லாவற்றுக்கும் புள்ளி போட வேண்டுமாம். நான் ஏற்கெனவே அதில் விண்ணன். கண்டவுடன் வணக்கம் சொல்லும் பிள்ளைக்குத் தொடர்பாடல் பதினெட்டு. உம்மென்று இருப்பவனுக்கு உளச்சமநிலை ஒன்பது. மைதானத்துக்கு வராமல் "வயித்துவலி சேர்" என்று மர நிழலில் உட்காரும் பெண் பிள்ளைகளுக்கு, நடிப்புத்தான் என்று தீர்ப்பளித்து, ஈடுபாட்டில் ஐந்து வெட்டு. என் முடிவெடுக்கும் திறன் அவ்வளவு வேகம்.

மூன்றாம் வருடம் ஒரு தவணையில்தான் என் நியமனத்தை நிரந்தரமாக்குவதற்கு, வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து ஆசிரிய ஆலோசகர் வந்து வகுப்பைப் பார்ப்பார் என்று கடிதம் வந்தது. அவர் நல்ல அறிக்கை எழுதினால்தான் வேலை நிரந்தரம். பாடத்தையும் அவரே குறித்திருந்தார். எந்தப் பாடம் என்று நான் சொல்லத் தேவையில்லை. வகுப்பில் ஒரு பெட்டி வைக்க வேண்டும், பிள்ளைகள் பெயர் எழுதாமல் கேள்வி போட வேண்டும், ஆசிரியர் அதை எல்லார் முன்னிலையிலும் திறந்து பதில் சொல்ல வேண்டும் என்றும் எழுதியிருந்தது.

பிஸ்கட் பெட்டி ஒன்றில் ஓட்டை போட்டு ஒரு கிழமை வைத்தேன். நிறைந்துவிட்டது. பாடத்துக்கு முதல் நாள் பின்னேரம் வீட்டுக்குக் கொண்டுவந்து, என்னதான் இருக்கிறதென்று ஒரு துண்டைப் பிரித்தேன். "சேர், உண்மையாவே யாரு எழுதினதுன்னு தெரியாதுதானே?" என்று கேட்டிருந்தது. அவ்வளவுதான், எனக்கு வியர்த்துவிட்டது. முன்னுரையே இப்படியென்றால் மற்றவை எப்படியிருக்கும்? மிச்சத்தைப் படிக்காமலே அள்ளி அலுமாரிக்குள் திணித்தேன்.

"ஏங்க, சின்னப் பிள்ளைங்க என்னாதான் கேட்டுறப் போகுது?" என்றாள் ரீட்டா, என் மனைவி.

"ஒனக்குத் தெரியாது. பேசாம நாலு நல்ல கேள்வி எழுது" என்று வெள்ளைத்தாளை நீட்டினேன். நான் இடது கையால் நாலு எழுதினேன். இன்னும் ஒரு கையெழுத்து இருந்தால் சந்தேகம் வராது என்று மாமனாரையும் சேர்த்துக்கொண்டேன். மாமா ஒரு தோட்டத்து ஆபீசில் பெரிய கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். கதவைச் சாத்திக்கொண்டு அரை மணி நேரம் எழுதி, நாலாக மடித்துத் தந்தார். அதைப் பிரித்துப் பார்க்கும் திறன் எனக்கு இருக்கவில்லை.

மறுநாள் ஆலோசகர் வந்தார். யாழ்ப்பாணத்துப் பெண்மணி. பின்னால் கதிரை போட்டு வைத்திருந்தேன். அவர் உட்காராமல் நேரே முன்னால் வந்து, "பெட்டியைத் தாங்கோ மாஸ்டர், நான் வாசிக்கிறன்" என்றார்.

முதல் துண்டு: "சமபல உணவின் முக்கியத்துவம் யாது?"

இரண்டாவது: "நுளம்பு பெருகும் இடங்கள் மூன்று தருக."

வகுப்பு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது. மூன்றாவது, மாமா நாலாக மடித்துத் தந்த தாள்.

"மேற்படி பாடம் தொடர்பாக, கட்டிளமைப் பருவத்து மாற்றங்கள் குறித்துத் தாங்கள் விளக்கமளிப்பீர்களாயின் மிக்க நன்றியுடையேன். இங்ஙனம், தங்கள் கீழ்ப்படிவுள்ள..." அதற்குக் கீழே, முப்பது வருடப் பழக்கத்தில், மாமா கையெழுத்தும் வைத்துத் திகதியும் போட்டிருந்தார்.

"பேர் போடாத பெட்டிக்குள்ள கையெழுத்து வச்சிருக்கிறார்" என்றார் ஆலோசகர். "இவ்வளவு துணிஞ்ச பிள்ளை ஆர்? எழும்புங்கோ பாப்பம்."

முன்வரிசையில் இருந்த ரிஸ்னாதான் எழும்பினாள். "மேடம், இது நாங்க எழுதினதில்ல. நாங்க கோடு போட்ட கொப்பித் தாள்லதான் எழுதின. இதெல்லாம் வெள்ளைத்தாள்."

ஆலோசகர் என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன். (அந்த வகுப்பில் மின்விசிறி இல்லை.) அவர் பெட்டியைக் கவிழ்த்துத் தட்டினார். மிச்ச வெள்ளைத்தாள்கள் கொட்டின. அடியில் பசையோடு ஒட்டிக்கொண்டு கொப்பித் தாள் துண்டு ஒன்று மிஞ்சியிருந்தது. உரித்தெடுத்து, தனக்குள் ஒருமுறை வாசித்துவிட்டு, பிறகு சத்தமாக வாசித்தார்.

"சேர், மாசத்துல அந்த நாள்ல மைதானத்துக்கு வராட்டி மார்க் வெட்டுறீங்க. வயித்துவலின்னு சொன்னா நடிப்புன்னு நெனைக்கிறீங்க. நாங்க வேற எப்பிடிச் சொல்லணும்?"

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். மூன்று வருடமாக மர நிழலில் உட்கார்ந்த முகங்கள் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. வெட்கமென்றால் அப்படியொரு வெட்கத்தை நான் அதற்கு முன் பட்டதில்லை.

"மறுமொழி சொல்லுங்கோ மாஸ்டர்."

"இனிமே வெட்ட மாட்டேன்" என்றேன். என் குரல் பதின்மூன்று வயதுப் பையன் குரல்போல உடைந்தது.

"வெட்டினது, சேர்?" என்று கேட்டாள் ரிஸ்னா, இன்னும் உட்காராமல்.

புள்ளிப் பதிவேட்டை அங்கேயே எடுத்து, வெட்டியதையெல்லாம் திருப்பிப் போட்டேன். பிறகு அந்தப் பாடத்தை நாற்பது நிமிடம் படிப்பித்தேன். மாதவிடாய் என்ற சொல்லை முதல் தடவை இருமலோடும், ஐந்தாம் தடவை இருமாமலும் சொன்னேன்.

ஆலோசகர் அறிக்கையில், பிள்ளைகளின் தொடர்பாடல் திறன் மிக நன்று, ஆசிரியருக்கு அது இனித்தான் கிடைக்க வேண்டும் என்று எழுதினார். நிரந்தர நியமனம் ஒரு வருடம் தள்ளிப்போனது. அன்று பின்னேரமே அலுமாரியைத் திறந்து மற்றத் துண்டுகளைப் படித்தேன். முகப்பரு, வியர்வை நாற்றம், உடைந்த குரல், உயரமாவது எப்படி. நான் பயந்து நடுங்கியது இதற்குத்தான்.

இதெல்லாம் நடந்து என் மகளே ஒன்பதாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். போன வருடம் ஒரு நாள், நானும் மாமாவும் அக்குறணைக்குச் சாமான் வாங்கப் போயிருந்தபோது போன் எடுத்து, "அப்பா, பேட் முடிஞ்சிருச்சு, வாங்கிட்டு வாங்க" என்றாள். சாதாரணமாக, சீனி வாங்கச் சொல்வதுபோல. எனக்குத் தலைகால் புரியாத பெருமை. கடைக்கார நானா வழக்கப்படி பழைய பேப்பரில் சுற்றப் போனார். "சுத்த வேணாம் நானா, இது என்ன கள்ளச் சாமானா?" என்று பெரிய சமூக சீர்திருத்தவாதிபோலக் கையிலே வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

பஸ்ஸில் நல்ல சனம். பொதியை மடியில் வைத்துக்கொண்டு மாமாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். மாமா பொதியைப் பார்த்தார். சனத்தைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, பஸ் முழுக்கக் கேட்கும்படி, மிகவும் மரியாதையாகக் கேட்டார்:

"தம்பிக்கு எந்த ஊரு? எங்க எறங்கணும்?"

இப்போது எங்கள் வீட்டில் யார் மானம் போகிற காரியம் செய்தாலும், மற்றவர்கள் கேட்பது இதைத்தான். போன மாதம் கோயிலில் மாமாவின் பல்செட் கழன்று விழுந்தபோது, என் மகள் குனிந்து எடுத்துக் கொடுத்துவிட்டு, "தாத்தாவுக்கு எந்த ஊரு?" என்றாள்.