மகாலட்சுமி வந்தால் விடவும்

ஒரகடம் தொழிற்பேட்டையில் சந்தேகப் பிராணிகளுக்கென்று ஒரு போட்டி வைத்தால், எங்கள் கேட்பாஸ் பரிசு வாங்கியிருக்க மாட்டான். பரிசு கொடுக்க வந்தவரிடம் அடையாள அட்டை கேட்டு, அவரையே திருப்பி அனுப்பியிருப்பான்.

அவன் வாசல் காவலாளி இல்லை. வல்லம் வடகாலில், காருக்கு சீட் செய்யும் எங்கள் கம்பெனியில் நெட்வொர்க் பார்த்தவன். வெளியிலிருந்து இணையம் உள்ளே நுழையும் இடத்தில் ரவுட்டர் என்று ஒரு பெட்டி இருக்கும். எது உள்ளே வரலாம், எது வரக்கூடாது என்று அந்தப் பெட்டிக்குச் சொல்லி வைப்பதுதான் அவன் வேலை. நாளடைவில் வேலை ஆளைப் பிடித்துக்கொண்டது. கேன்டீனில் புது மாஸ்டர் வந்த அன்று, தட்டைக் கையில் வைத்துக்கொண்டு என் காதருகே வந்து, "யாருணா இவரு? கேக்காமயே உப்புமால முந்திரி போட்டுக்கினு கீறாரு. எதுக்கு?" என்றான்.

கழுத்தில் தொங்கும் அட்டையைக்கூட பெயர் தெரியாதபடி உள்பக்கமாகத் திருப்பித்தான் போட்டிருப்பான். கேட்பாஸ் என்பது நாங்கள் வைத்த பட்டப்பெயர்; ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் வேறொன்று இருந்தது. அதை நாங்கள் முதலில் பார்த்தது அவனுடைய கல்யாணப் பத்திரிகையில்தான்.

அந்தக் கல்யாணம் நடந்ததே அதிசயம். தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு வந்தால் எடுக்க மாட்டான், பிளாக் செய்துவிடுவான். பெண்ணின் அப்பா மூன்று நாள் மூன்று நம்பரிலிருந்து கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, பஸ் ஏறி நேராக கம்பெனிக்கே வந்துவிட்டார். ரிசப்ஷனில் இவன்தான் நின்றிருந்தான்.

"யாரைப் பாக்கணும்?"

"மாப்பிள்ளையப் பாக்கணும்ங்க."

"அவுரு வரச் சொன்னாரா?"

விசாரித்து, ரெஜிஸ்டரில் கையெழுத்து வாங்கி, பையைச் சோதித்து, கடைசியில்தான் "நான்தாங்க அது" என்றானாம். வேறொருவராக இருந்தால் அடுத்த பஸ்ஸிலேயே திரும்பியிருப்பார். அவரோ வீட்டுக்குப் போய், "பொண்ணைப் பத்திரமா பாத்துக்குவான்" என்று சொல்லி, சர்ச்சில் கல்யாண ஓலை எழுத நாள் குறித்துவிட்டார்.

இப்படிப்பட்டவன் ஒரு நாள் எல்லாத் துறைகளுக்கும் படிவம் தூக்கிக்கொண்டு வந்தான். அதில் ஒரே கேள்வி: 'உங்களைத் தேடி யார் யார் வரலாம்?' வெளியிலிருந்து எந்தெந்தக் கம்பெனியின் கம்ப்யூட்டர் நம்மோடு பேச வேண்டும் என்று எழுதித் தர வேண்டும். ஆபத்து வரும்போது அந்தப் பட்டியலில் உள்ளவர்களை மட்டும் விட்டு, மற்றதைத் தடுப்பானாம்.

நான் டெஸ்பாட்ச் பிரிவில் இருந்தேன். திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து சேர்ந்து, வேலை இன்னும் நிரந்தரமாகாத சமயம். கார் கம்பெனியிலிருந்து மணிக்கொரு பட்டியல் இணையத்தில் வரும்: முதலில் கறுப்பு சீட், அடுத்து பழுப்பு, பிறகு இரண்டு கறுப்பு என்று. அதே வரிசையில் லாரியில் ஏற்ற வேண்டும். பட்டியல் வராவிட்டால் லாரி நகராது. லாரி நகராவிட்டால் அங்கே கார் லைன் நின்றுபோகும். லைன் நின்றால் யார் தலை உருளும் என்று சொல்லத் தேவையில்லை.

"இன்னாணா, ஃபார்ம் ரெடியா?"

"லோடு ஏத்தவே நேரமில்ல, இதுல ஃபார்ம் வேற கேக்கியேடே!"

நான்கு முறை வந்தான், நான்கு முறையும் விரட்டினேன். ஐந்தாம் முறை எரிச்சலில், 'மகாலட்சுமி வந்தால் விடவும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவன் நிதானமாகப் படித்தான். சிரிக்கவில்லை.

"அவங்க அட்ரஸ் இன்னாணா?" என்றான்.

டெஸ்பாட்ச் முழுவதும் விழுந்து விழுந்து சிரித்தது. அதன் பிறகு சில நாள் டீ நேரத்தில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வந்து என் பக்கத்தில் குந்தியிருந்தான். அப்போதும் "போடே, போய் வேலையைப் பாரு" என்று கிளப்பிவிட்டேன்.

அடுத்த மாதம் ஒரு நாள் காலை பத்து மணி. பட்டியல் வர வேண்டிய நேரத்தில் திரையில் வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. எங்கள் பக்கம் இணையம் நின்றால் முதல் சந்தேகம் ஜேசிபி மீதுதான். எங்கேயாவது தோண்டியிருப்பான், கேபிள் போயிருக்கும்.

"ஜேசிபி இல்லணா," என்றான் கேட்பாஸ். "லைன் நல்லாதான் கீது. கூட்டம்தான் ஜாஸ்தி. எவனோ வேணும்னே கண்ட கண்ட எடத்துலேர்ந்து குப்பையா அனுப்பி அட்டாக் உட்றான்."

வேலையில் என்னை நிரந்தரமாக்கும் கடிதம் அந்த வாரம்தான் பிளான்ட் ஹெட்டின் மேசையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது. அந்த பிளான்ட் ஹெட்டே இப்போது ஓடி வந்தார்.

"எல்லாத்தையும் ஆஃப் பண்ணுப்பா!"

"நம்ம கேட்டை நம்மளே பூட்டிக்கினா அவன் ஜெயிச்சுட்டான் சார்," என்று சொல்லிவிட்டு, பட்டியலில் இல்லாத எதையும் தூக்கி எறியும்படி ரவுட்டருக்கு உத்தரவு கொடுத்தான். ரவுட்டரும் எறிந்தது. ஆனால் என் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டேதான் இருந்தது.

"நம்ம கேட்ல செக்யூரிட்டி கரெக்டாதான் நிறுத்துறாரு சார். ஆனா ரோடு ஃபுல்லா சம்பந்தமில்லாத பஸ்ஸா நிக்கிது. நம்ம ஷிப்ட் பஸ்ஸு எப்டி வரும்? ஒரகடம் கூட்ரோட்லயே திருப்பி உடணும்."

கூட்ரோடு என்று அவன் சொன்னது எங்களுக்கு இணையம் தரும் கம்பெனியை. போன் போட்டான். எடுத்த பெண் முதலில் ரவுட்டரை ஒருமுறை அணைத்துப் போடச் சொன்னார். பிறகு கணக்கு எண், பதிவு செய்த மொபைல், கம்பெனி முகவரி என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். நான் நகத்தைக் கடித்து முடித்து விரலுக்கு வந்திருந்தேன். இவன் முகத்திலோ அப்படியொரு பரவசம்.

"கரெக்டா கேக்கறீங்க மேடம். யாரையும் நம்பக்கூடாது," என்று பாராட்டு வேறு.

ஒருவழியாக அங்கிருந்த இன்ஜினியர் லைனுக்கு வந்தார். "உங்களுக்கு வர்ற எல்லாத்தையும் இங்கயே நிறுத்திடலாம். ஆனா யாரை விடணும்னு லிஸ்ட் இருக்கா?" என்று கேட்டார்.

"கீது சார்!" என்றான். பிள்ளை பிறந்த செய்தியைக்கூட அவன் அவ்வளவு சந்தோஷமாகச் சொன்னதில்லை.

அவன் ஒவ்வொன்றாகப் படிக்க ஆரம்பித்தான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தப் பட்டியலில் என் சார்பாக இருப்பது மகாலட்சுமி. கார் கம்பெனி இல்லை.

"டே... என் ஃபார்ம்ல..." என்று இழுத்தேன்.

"தெரியும்ணா," என்றான், நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.

சிறிது நேரத்தில் என் திரையில் வட்டம் நின்றது. கறுப்பு, பழுப்பு, கறுப்பு, கறுப்பு. உலகத்திலேயே அழகான நான்கு வார்த்தைகள் அவைதான் என்று இன்றைக்கும் சொல்வேன். லாரி கேட்டைத் தாண்டியதைப் பார்த்த பிறகு அவனிடம் ஓடினேன்.

"எப்படிடே வந்துச்சு?"

"உங்க பக்கத்துல நோட்டு எடுத்துக்கினு குந்திக்கினு இருந்தேனே, எதுக்கு? உங்க மெஷினு யார் கூட பேசுதுன்னு எழுதிக்கினேன். நீங்கதான் தொரத்தினீங்க."

அன்று சாயங்காலம் வரை, கம்பெனி வைஃபையில் ஓடும் பிளான்ட் ஹெட்டின் போனில் கிரிக்கெட் வரவில்லை. கேட்டதற்கு, "சார் ஃபார்ம் குடுக்கல சார்" என்று அடக்கமாகப் பதில் சொன்னான். இருந்தாலும் மனுஷர் என் கடிதத்தில் அந்த வாரமே கையெழுத்துப் போட்டுவிட்டார். தண்டலத்தில் இன்று எனக்கென்று ஒரு வீடு இருப்பதற்கும், பிள்ளைகள் அங்கே படிப்பதற்கும் அந்த நோட்டுப் புத்தகம்தான் காரணம். அவனிடம் இதை ஒரு நாளும் வாய்விட்டுச் சொல்லவில்லை. இங்கே சொல்லிவிடுகிறேன்: நன்றிடே.

போன வருஷம் அவன் வேறு கம்பெனிக்குப் போய்விட்டான். அவன் இடத்துக்கு வந்தவர், பழைய பட்டியலைச் சரிபார்க்கவேண்டும் என்று அச்சடித்து எடுத்து வந்தார். ஒவ்வொரு முகவரிக்கும் மேலே கேட்பாஸ் ஒரு குறிப்பு எழுதி வைத்திருந்தான். கார் கம்பெனிக்கு மேலே இப்படி இருந்தது: 'டெஸ்பாட்ச் அண்ணன். ஃபார்ம் எழுத மாட்டார். எப்பவும் விடு.'

அதற்குக் கீழே முகவரி இல்லாமல் இன்னொரு குறிப்பு: 'மகாலட்சுமி. அட்ரஸ் கிடைச்சதும் சேக்கணும்.'

எனக்குச் சிரிப்பு வந்தது. கண்ணும் கலங்கியது. புதியவரிடம் ஒரு வெற்றுப் படிவம் கேட்டு வாங்கினேன். 'உங்களைத் தேடி யார் யார் வரலாம்?' என்ற கேள்விக்குக் கீழே, கல்யாணப் பத்திரிகையில் பார்த்த அந்தப் பெயரை, இனிஷியலோடு முழுதாக எழுதிக் கொடுத்தேன்.

"இவங்க அட்ரஸ் என்ன சார்?" என்று கேட்டார்.

"அட்ரஸெல்லாம் வேண்டாம் தம்பி," என்றேன். "எங்கேயிருந்து வந்தாலும் விட்ருங்க."