பவுடர் வாங்கக் கூட வருகிறவர்

பவுடர் வாங்குகிறவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். விற்கிறவர்களையும் பார்த்திருப்பீர்கள். இந்த இரண்டு பேருக்கும் நடுவில், காசும் கொடுக்காமல் சரக்கும் கொடுக்காமல், ஆனால் எது வாங்கப்பட வேண்டும் என்பதை மட்டும் முடிவு செய்துகொண்டு ஒருவர் நிற்பாரே, அவரைக் கவனித்திருக்கிறீர்களா? அவர்தான் கூட வருகிறவர். அவர் தனி இனம்.

இந்த இனம் தானாக வராது. கூப்பிட வேண்டும். கூப்பிட்டதும், எனக்கெங்கே நேரம் என்று இரண்டு தரம் சொல்லும். இரண்டாவது தரம் சொல்லும்போதே செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும். கடைக்குள் காலை வைத்தவுடன், கடைக்காரர் எதையும் எடுத்து வைப்பதற்கு முன்பே, வேறு காட்டச் சொல்லும். டப்பாவைத் தலைகீழாகத் திருப்பி அடியைப் பார்க்கும், மூடியைத் திறந்து மோந்து பார்த்துப் பழைய சரக்கு என்று சொல்லும், விலை கூடின பொருளைத் தள்ளிவைத்துக் காசுக்குப் பிடித்த கேடு என்று சொல்லும், விலை குறைந்த பொருளைத் தள்ளிவைத்து முகத்துக்குப் பிடித்த கேடு என்று சொல்லும், இதற்கிடையில் மலிவான பவுடரைப் போட்டு முகம் வீங்கிப்போன ஒரு சேலத்துப் பெண்ணின் கதையையும் சொல்லி முடிக்கும். அந்தப் பெண்ணை யாரும் பார்த்ததில்லை. ஆனால் எல்லாக் கடைகளிலும் அவளுக்கு முகம் வீங்கியிருக்கிறது.

ஏற்காட்டுக்குப் பக்கத்தில் வெள்ளக்கடை என்ற ஊரில் இந்த இனத்தின் சார்பாக இருந்தவர் வேலம்மாள். தொழில் தையல். ஜாக்கெட் தைப்பதில் அவரை ஒரு குறை சொல்ல முடியாது. அழகுக் கலையில் அவருடைய தகுதி என்னவென்றால், கல்யாணமான புதிதில் சேலத்தில் இரண்டு வருஷம், ஒரு அழகு நிலையத்துக்கு எதிர்வீட்டில் குடியிருந்தார். அதன் படியை ஒரு நாளும் மிதித்ததில்லை. உள்ளே போன முகத்தையும் வெளியே வந்த முகத்தையும் ஜன்னல் வழியாக ஒப்பிட்டுப் பார்த்தே படிப்பை முடித்தவர். இரண்டு முகமும் வேறு வேறு ஆட்களுடையதாக இருந்திருக்கலாம் என்பதை அவர் யோசித்ததில்லை.

அவரிடம்தான் ஆரோக்கியசெல்வி போய்ச் சேர்ந்தாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தெட்டு, டிசம்பர். காபிப்பழ சீசன் பாதி ஓடியிருந்தது. செல்வி பிளஸ் டூ தேறிவிட்டு, வேறு வேலை இல்லாததால் அம்மாவோடு எஸ்டேட்டில் பழம் பறித்துக்கொண்டிருந்தாள். ஏற்காட்டில் ஒரு லாட்ஜில் வரவேற்பு மேஜைக்குப் பெண் வேண்டும் என்று தெரிந்து விண்ணப்பம் எழுதிப் போட்டாள். மேனேஜர் ஞானசுந்தரம் கூப்பிட்டு அனுப்பினார். மார்க் ஷீட்டைப் பார்த்தார், கையெழுத்தைப் பார்த்தார், இரண்டிலும் திருப்திதான் என்றார். பிறகு தயங்கித் தயங்கி விஷயத்துக்கு வந்தார்.

"சனிக்கிழம முதலாளியம்மா சேலத்துலருந்து வர்றாங்கம்மா. பதினோரு மணிக்கு நீ, பன்னண்டு மணிக்கு அடிவாரத்துலருந்து ஒரு பொண்ணு. அந்தம்மா மொதல்ல முகத்தத்தான் பாக்கும். கொஞ்சம் பவுடர் கிவுடர் போட்டுட்டுப் பளிச்சுனு வா."

அதுவரை செல்வியின் அலங்காரம் சோப்பும் சாந்துப் பொட்டும்தான். வீட்டில் கொஞ்சம் பவுடர் இருந்தது. அது தம்பியின் வேர்க்குருவுக்கு வாங்கியது. வேலை கிடைத்தால் நாற்காலி, மின்விசிறி, மாதச் சம்பளம். கிடைக்காவிட்டால் திங்கட்கிழமை காலையில் இடுப்பில் மறுபடியும் கூடை, காலில் மறுபடியும் அட்டைக்கடி. இவ்வளவும் ஒரு பவுடரில் நின்றது. எதை வாங்குவது, எப்படிக் கேட்பது, எதை முதலில் பூசுவது? கையில் இருந்தது முப்பது ரூபாய். தப்பாக வாங்கிவிட்டால் இரண்டாவது தடவை வாங்க வழியில்லை. இப்படிப்பட்ட நேரத்தில்தான் மனிதர்கள் கூட ஒருவரை அழைத்துக்கொண்டு போகிறார்கள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், பறிப்பு முடிந்து பழத்தை எடை போட்டுவிட்டு, செல்வி வந்து நின்றாள். வேலம்மாள் எனக்கெங்கே நேரம் என்று இரண்டு தரம் சொன்னார். ஐந்தேகால் பஸ்ஸில் இரண்டு பேரும் ஏறினார்கள்.

ஏற்காடு பஜாரில் ரஹமத்துல்லாவின் ஃபேன்சி ஸ்டோரில் அப்போது அவர் மனைவி ரபியா இருந்தார். செல்வி விஷயத்தைச் சொல்லி முடித்ததும் ரபியா அவள் முகத்தை ஒரு தரம் பார்த்தார். அலமாரிக்குக் கையை நீட்டினார்.

"உனக்கு இந்த ரெண்டாம் நம்பர் நெறப் பவுடர் போதும் கண்ணு. கண்ணுக்கு மை. இருவது ரூவாய்க்குள்ள முடிஞ்சுரும்."

நியாயமாகப் பார்த்தால் வியாபாரம் அங்கேயே முடிந்திருக்க வேண்டும். ஆனால் கூட வந்தவர் ஒருவர் இருக்கிறாரே, அவர் எதற்காகப் பஸ் ஏறி வந்தார்? விற்கிறவர்கள் சொல்வதைக் கேட்கவே கூடாது, எப்போதும் நம் தலையில் எதையாவது கட்டத்தான் பார்ப்பார்கள் என்று வேலம்மாள் செல்வியின் காதில் ரகசியமாகச் சொன்னார். ரகசியம் எதிர்க்கடை வரைக்கும் கேட்டது. ரபியா கட்டப் பார்த்தது கடையிலேயே மலிவான பவுடரை என்பது அவருக்கு உறைக்கவில்லை. காம்பாக்டுதான் வேண்டும், கெட்டியாக வட்டமாக மூடியில் கண்ணாடி வைத்து வருமே அது, எல்லா நிறத்தையும் எடுத்து வையுங்கள் என்று உத்தரவு போட்டார். நான்கு நிறங்கள் மேஜைக்கு வந்தன.

இப்போது அந்த இனத்தின் முக்கியமான சடங்கு ஆரம்பமானது. "முகத்துல போட்டுப் பாக்கறவங்க பட்டிக்காட்டு ஆளுங்க. புறங்கைய நீட்டு கண்ணு" என்றார் வேலம்மாள்.

செல்வி நீட்டினாள். இந்த இடத்தில் அந்தக் கையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நவம்பரிலிருந்து தினமும் காபிப்பழத்தின் சாறு பட்டுப் பட்டு அது மணிக்கட்டு வரை கறுத்திருந்தது. சோப்புக்கும் போகாது, எலுமிச்சைக்கும் போகாது. சீசன் முடிந்தால் தானாக இறங்கும். தலையில் துணி கட்டிக்கொண்டு பறிப்பதால் முகத்துக்கு வெயில் படாது, கைக்குப் படும், அது வேறு. வெள்ளக்கடையில் அந்த மாதங்களில் எல்லாருடைய கையும் அப்படித்தான் என்பதால் அதைக் கறை என்று யாரும் நினைப்பதில்லை. அதுதான் கையின் நிறம். வெளியே மூடுபனி, உள்ளே வோல்டேஜ் குறைந்த ட்யூப்லைட். வேலம்மாள் ஒவ்வொரு நிறமாகத் தடவினார். முதலாவது சுண்ணாம்பு மாதிரி நின்றது. இரண்டாவது விபூதி மாதிரி நின்றது. மூன்றாவது பரவாயில்லை. நான்காவது, கடைக்கு வந்து ஒன்றரை வருஷமாக யாரும் தொடாத அடர்ந்த நிறம், தடவியதும் காணாமல் போய்விட்டது.

"எங்க தடவினேன்னு கண்டுபுடி பாக்கலாம்" என்றார் வேலம்மாள்.

செல்வி தேடினாள், தெரியவில்லை. ரபியாவும் குனிந்து பார்த்தார், அவருக்கும் தெரியவில்லை. ஜாக்கெட் துணிக்கு நிறம் பார்த்து நூல் எடுக்கிறவருக்கு இதைவிடப் பெரிய வெற்றி என்ன இருக்கிறது? அது கைங்க, முகம் வேறயில்லீங்களா என்று ரபியா ஆரம்பித்தார். கையில் பார்க்காமல் காலிலா பார்ப்பார்கள் என்று வேலம்மாள் முடித்துவைத்தார். விலை இருபத்தெட்டு ரூபாய். டப்பா செல்வியின் பைக்குள் போனது.

சனிக்கிழமை காலையில் செல்வி, வேலம்மாள் சொன்னபடியே செய்தாள். வீட்டில் இருந்தது உள்ளங்கை அகலக் கண்ணாடி. ஒரு தரத்தில் ஒரு கன்னம்தான் தெரியும். ஒரு கன்னத்தை மட்டும் பார்த்தால் எந்த நிறமும் நல்ல நிறம்தான். மூன்று பூச்சுப் போட வேண்டும் என்பது வேலம்மாளின் கட்டளை, மூன்று போட்டாள். பஸ்ஸுக்கு வந்தபோது வேலம்மாளும் புதுச் சேலையில் தயாராக நின்றார். வெற்றியைப் பார்க்காமல் அவர் இருப்பாரா?

பஸ்ஸில் ஏறியதுமே முன்பின் தெரியாத ஒரு அம்மாள் எழுந்து செல்விக்கு இடம் கொடுத்து, எந்த டாக்டரிடம் போகிறாய் என்று கரிசனமாகக் கேட்டார். டிக்கெட் கிழித்த கண்டக்டர் நின்று பார்த்தார்.

"ஏனுங்க, ஊட்ல அடுப்பு நொம்பப் பொகையுதுங்களா?"

வேலம்மாள் அவரைச் சீட்டுக் கிழிக்கிற வேலையை மட்டும் பார்க்கச் சொன்னார். செல்வி கன்னத்தை விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். பஜாரில் இறங்கி, ஃபேன்சி ஸ்டோர் வாசலில் ஆள் உயரக் கண்ணாடியின் முன்னால் போய் நின்றாள். கழுத்து அவளுடையது. காது அவளுடையது. நடுவில் இருந்தது, கரி வேகனிலிருந்து அப்போதுதான் இறங்கி வந்த யாரோ ஒருவருடையது. மணி ஒன்பதே முக்கால்.

கதவைத் திறந்துகொண்டிருந்த ரபியா சிரிக்கவில்லை. அதற்காகவே அவருக்கு ஒரு வணக்கம் சொல்லலாம். உள்ளே போய் ஒரு வாளித் தண்ணீரும் சோப்பும் கொண்டுவந்து வைத்தார். செல்வி முகத்தைத் தேய்த்துக்கொண்டிருந்த நேரத்தில் வேலம்மாள் என்ன செய்தார் என்று நினைக்கிறீர்கள்? வருந்தினாரா? செல்வியின் கையை இழுத்துப் பிடித்து, டப்பாவைத் திறந்து, இன்னொரு தரம் தடவிப் பார்த்தார்.

"கை சரியாத்தானே இருக்குது. பயத்துல உன்ற முகம் வெளுத்துப்போச்சு கண்ணு. நேத்து இப்பிடி இல்ல" என்றார்.

ரபியா மாதிரிக்குப் பிரித்து வைத்திருந்த டப்பாவிலிருந்து இரண்டாம் நம்பர் பவுடரைச் சிட்டிகை எடுத்து, செல்வியின் தாடைக்குக் கீழே, கழுத்து ஆரம்பிக்கிற இடத்தில் தேய்த்தார். இங்கே நிறம் சேர்ந்தால் முகத்திலும் சேரும் என்று மட்டும் சொன்னார். லேசாக ஒரு ஒற்று, கண்ணுக்கு ஒரு கோடு மை. அவ்வளவுதான். செல்வி மறுபடியும் செல்வியானாள். கொஞ்சம் நன்றாகத் தூங்கி எழுந்த செல்வி.

பதினோரு மணிக்கு முதலாளியம்மா வந்தார். அவரைப் பார்த்ததும் செல்விக்குத் தூக்கிவாரிப்போட்டது. முகம் வெள்ளை வெளேரென்று இருந்தது. தாடை எலும்போடு அந்த வெள்ளை நின்றுவிட்டது. அதற்குக் கீழே, பாதிச் சுவருக்கு வெள்ளையடித்துவிட்டு ஆள் சாப்பிடப் போனதுபோல, கழுத்து தன்பாட்டுக்கு மாநிறத்தில் இருந்தது. அவர் மார்க் ஷீட்டைத் தொடவில்லை. செல்வியின் முகத்தையே வெகுநேரம் பார்த்தார்.

"என்ன பவுடர் போடறே?"

இரண்டாம் நம்பர் என்று செல்வி சொன்னாள். இங்கேயே பஜாரில் கிடைக்கிறது என்றும் சொன்னாள்.

"நான் மெட்ராஸ்லருந்து வரவழைச்சுப் போடறேன். என்ன போட்டாலும் திட்டுத் திட்டா நிக்குது."

ஞானசுந்தரம் கூரையைப் பார்த்தார். ஆறு வருஷமாக அந்தத் திட்டை அவர் பார்த்துவந்தார். ஆறு வருஷமும் கூரையைப் பார்த்துத்தான் வேலையைக் காப்பாற்றிக்கொண்டார். செல்வியும் கூரையைப் பார்த்திருக்கலாம். அதுதான் விவேகம். பன்னிரண்டு மணிக்கு வர வேண்டிய அடிவாரத்துப் பெண் ஏற்கனவே வந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். ஒரு வார்த்தை தப்பினால் நாற்காலி அவளுக்கு.

"கையில தடவிப் பாத்து வாங்கியிருப்பீங்க மேடம்" என்றாள் செல்வி.

"ஆமா. கையிலதானே பாப்பாங்க?"

"கை ஏமாத்துங்க மேடம். கழுத்துல பாக்கோணும்."

அந்த அறிவுக்கு அப்போது வயது ஒரு மணி நேரம். ஆனால் குரலில் இருபது வருஷ அனுபவம் இருந்தது. ஞானசுந்தரம் கண்ணை மூடிக்கொண்டார். முதலாளியம்மா கைப்பையைத் திறந்து, காம்பாக்டை எடுத்து, அதன் கண்ணாடியில் தன் தாடையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"திங்கக்கிழம வேலைக்கு வந்துரு" என்றார் கடைசியில். "இப்ப என்கூடக் கடைக்கு வா."

அப்படித்தான் ஆரோக்கியசெல்விக்கு வேலை கிடைத்தது. அத்தோடு இன்னொரு பதவியும் கிடைத்தது. அதற்குத்தான் சம்பளம் கிடையாது, ஓய்வும் கிடையாது. முதலாளியம்மாவையே கடைக்குக் கூட்டிப் போனவள் என்ற பெயர் ஒரே வாரத்தில் மலை முழுக்கப் பரவியது. லாட்ஜில் அறை பெருக்குகிறவர்கள், பக்கத்து எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டரின் மனைவி, ஆஸ்பத்திரி ஆயா என்று ஒருவர் பாக்கியில்லாமல் வந்து கேட்டார்கள். செல்வி எல்லாருக்கும் தாடையைத் தூக்கிக் கழுத்தில் தடவினாள். தை மாதம் கல்யாணமான காளியாயியின் கழுத்திலும் தடவினாள். புதுத் தாலிக்கயிற்றின் மஞ்சள் அந்தக் கழுத்து முழுக்க இறங்கியிருந்தது. அதற்குப் பொருத்தமாகத் தேடித் தேடி ஒரு பவுடரும் கிடைத்தது. காமாலை என்று நினைத்து மாமியார் கீழாநெல்லி அரைக்க உட்கார்ந்துவிட்டார். செய்தியைக் கேட்ட செல்வி, அவள் சரியாகத் தேய்த்திருக்க மாட்டாள் என்று சொல்லிவிட்டு, அடுத்தவரின் தாடையைத் தூக்கினாள்.

இந்த இனத்தில் நான் சேர்த்தி இல்லை என்று நினைத்துக்கொண்டு சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் செல்வி புறங்கையை நீட்டியபோது, 'அட, கழுத்தில் பார்க்கச் சொல்லக் கூடாதா' என்று முணுமுணுத்தது யார்? காளியாயியின் கழுத்து வந்ததும், 'மஞ்சளைக் கழுவிவிட்டல்லவா பார்க்க வேண்டும்' என்று அடுத்த யோசனையைத் தயாராக எடுத்து வைத்தது யார்? கேட்டால், பொதுவாகச் சொன்னேன் என்பீர்கள். இத்தனைக்கும், உங்களை யாரும் கடைக்குக் கூப்பிடக்கூட இல்லை.