வாங்குபவர் சிரிக்க வேண்டும்

அன்று காலை நான் ஒரு பெரிய முடிவு எடுத்தேன். இனி எங்கள் நிறுவனத்தில் மாதாமாதம் முன்னேற்ற மீளாய்வுக் கூட்டம் நடக்கும். தலைவர் நான், சோதிலிங்கம். உறுப்பினர் என் மனைவி தவமணி. இடம், குண்டசாலையில் எங்கள் வீட்டு விறாந்தை. கச்சேரியில், அதுதான் மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், வேலை செய்து ஓய்வு பெற்றவனுக்குக் கூட்டம் இல்லாவிட்டால் சாப்பாடு செமிக்காது.

நிறுவனம் என்றதும் பயந்துவிடாதீர்கள். ஒரு மேசை, ஒரு கணினி, ஒரு இணையத்தளம். வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள் அதற்குள் வந்து, கண்டியில் இருக்கிற தாய் தகப்பனுக்குக் கேக்கோ சேலையோ தெரிவு செய்வார்கள். நாங்கள் கொண்டுபோய்க் கொடுப்போம். சண்டை திரும்பத் தொடங்கி யாழ்ப்பாணப் பாதையையும் மூடிவிட்டார்கள். இங்கே ஒதுங்கிய எங்கட சனத்தின் பிள்ளைகள் எல்லாம் கனடாவிலும் லண்டனிலும். பிள்ளை வர முடியாது, கேக் வரலாம். இது என்னுடைய கண்டுபிடிப்பு.

விதிகளும் என்னுடையவைதான். வீட்டில் சாமானைக் கைநீட்டி வாங்குபவர் அதைப் பிடித்துச் சிரித்தபடி நிற்க, நாங்கள் படம் எடுக்க வேண்டும். அந்தப் படம், சாமான் அனுப்பியவருக்குப் போகும். அதோடு, வாங்கியவர் அனுப்பியவரிடம் தொலைபேசியில் ஒரு வார்த்தையாவது சொல்ல வேண்டும். இவை நடந்தால்தான் ஓடர் முடிந்ததாகக் கணக்கு. எத்தனை பாவப்பட்ட தாய்மாரைச் "சிரியுங்கோ அம்மா, சிரியுங்கோ" என்று நான் படுத்தியிருப்பேன்.

எனக்கும் ஒரு மகன் இருக்கிறான். நிரூபன், டொரொன்டோவில். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தவனை ஒருநாள் சோதனைச்சாவடியில் பஸ்ஸை விட்டு இறக்கி, விடியும்வரை வைத்திருந்து அனுப்பினார்கள். வந்தவன், படிப்பை விட்டிட்டுப் போகப் போறன் என்றான். போனால் என்னோடு கதைக்காதே என்றேன். சரி என்றான். என் மகன் அல்லவா, சொன்னால் சொன்னதுதான். அவன் முதலில் கதைக்கட்டும் என்று நான். அப்பா முதலில் கதைக்கட்டும் என்று அவன். ஞாயிற்றுக்கிழமை டெலிபோன் அடித்தால் நான் வெளியே போய், ஜன்னலுக்குக் கீழே நிற்கிற ரோசாச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவேன். அவன் குரல் ஒரு துளி கேட்காதா என்ற ஏக்கம்தான். கேட்பதெல்லாம் தவமணியின் "ஓம் ராசா, ஓம் ராசா." செடி தண்ணீரில் அழுகிப்போனது.

கூட்டத்துக்கு வருவோம். முதலாவது விடயம், முன்னேற்றம். முன்னேற்றம் இல்லை. தளத்துக்கு ஆட்கள் வருகிறார்கள், வந்த வேகத்தில் ஓடிவிடுகிறார்கள். ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. முகப்பை நானே பார்த்துப் பார்த்துச் செய்வித்தவன். திறந்ததும் நாதஸ்வரம் முழங்கும். பூமாரி பொழியும். பூவெல்லாம் விழுந்து முடிந்த பிறகு, கோட் போட்ட என் படம் மெல்ல மெல்ல வெளிக்கும். அதற்குக் கீழே தலைவரின் ஆசிச்செய்தி.

"இஞ்சேருங்கோ," என்றாள் தவமணி, கத்தரிக்காய் வெட்டிக்கொண்டே. "அதுகள் வேலைத்தலத்தில இருந்து களவாப் பாக்குதுகள். ஒரு கண் கொம்பியூட்டரில, மற்றக் கண் சுப்பவைசரில. நீங்கள் நாதஸ்வரத்தை ஊதினா, பிள்ளை பயந்துபோய் மூடாமல் என்ன செய்யும்?"

"உமக்கு ஆர் சொன்னது?"

"ஒரு வாடிக்கையாளர்."

கவனம் அங்குமிங்கும் ஓடுகிற ஆளுக்கு ஒரு படம், ஒரு வசனம், அமத்த ஒரு பொத்தான் போதும் என்றாள். இதை எந்தப் புத்தகத்தில் படித்தீர் என்று கேட்டேன்.

"ஏன் படிப்பான்? பேப்பர் வாசிக்கிற மனுசனிட்டை விசயம் சொல்லிச் சொல்லி வந்த பழக்கம்தான். கனக்கச் சொன்னா உங்களுக்கு ஒண்டும் ஏறாது. நானே மாத்தட்டோ?"

நான் அப்போது பேப்பரில் மரண அறிவித்தல் பக்கத்தில் இருந்தேன். "ம்" என்றேன். அவள் கொம்பியூட்டர் வகுப்புக்குப் போய்வருவதும் அப்படி ஒரு "ம்"மில்தான் தொடங்கியதாம். நான் தையல் வகுப்பு என்று நினைத்திருந்தேன்.

அடுத்த கிழமை முகப்பில் பாதி திறந்த கதவு ஒன்று நின்றது. உள்ளே விளக்கு வெளிச்சம். வாசலில் ஒரு சோடிச் செருப்பு. கீழே, "வீட்டில உங்களைப் பாத்துக்கொண்டிருக்கினம்." பிறகு ஒரு பொத்தான். அவ்வளவுதான். நாதஸ்வரம் இல்லை, பூ இல்லை, நானும் இல்லை. கதவு நிலையில் பெயின்ற் கழன்று கிடக்கிறது, இதைவிட நல்ல கதவு ஊரில் கிடைக்கவில்லையா என்று குறை சொன்னேன். ஆனால் ஓடர்கள் வரத் தொடங்கின. ஒஸ்லோவிலிருந்தும் வந்தது. இதெல்லாம் மீளாய்வுக் கூட்டத்தின் பலன் என்று அடுத்த கூட்டத்தில் தீர்மானம் நிறைவேற்றினேன்.

அப்போதுதான் அந்த ஓடர் வந்தது. ஒரு கேக், ஒரு நீளக்கைச் சேட். அனுப்புகிறவர் பெயரைக் கடைசிவரை சொல்லக்கூடாதாம். தவமணி சேட்டை நீட்டி, போட்டுப் பாருங்கோ, வாங்கிற ஆளுக்கும் உங்கட உடம்புதானாம் என்றாள். போட்டேன். அளந்து தைத்ததுபோல் இருந்தது.

"வேற என்ன எழுதியிருக்கு?"

"வண்டி வயிறு கொஞ்சம் கூடவாம். பிடிவாதம் அதைவிடக் கூடவாம்."

அப்படிப்பட்டவனோடு குடும்பம் நடத்துகிற மனுசியை நினைக்க எனக்கு உண்மையிலேயே கவலையாக இருந்தது. வாய்விட்டே சொன்னேன். ஓம், பாவம்தான் என்று அவளும் ஒத்துக்கொண்டாள்.

பின்னேரம் மழை இருட்டில், சேட்டோடு கண்டிக்குப் போய்க் கடையில் கேக்கையும் எடுத்துக்கொண்டு, திகன ஊர்க்காரர் சாஹுல் ஹமீதின் முச்சக்கரவண்டியில் புறப்பட்டேன். விலாசத்தைப் போகப் போக ஃபோனில் சொல்வதாகத் தவமணி ஏற்பாடு. பாலத்தடியில் ஆமிக்காரன் மறித்தான். பெட்டியைத் திறந்து பார்த்தான். யாருக்கு என்று சிங்களத்தில் கேட்டான். எனக்கு எப்படித் தெரியும்? தமிழன் ஒருவன், கையில் பொதி, யாருக்கென்று தெரியாதாம். அவன் அனுமதியோடு தவமணிக்கு ஃபோன் எடுத்தேன்.

"எங்கட வீட்டுக்கு, மனுசி காத்துக்கொண்டிருக்கிறா எண்டு சொல்லுங்கோ," என்றாள்.

சொன்னேன். அவன் முகம் இளகியது. பெட்டியை அவனே மூடித் தந்தான். ஒரு பொய் சொல்லித் தப்பினேனே என்று வழியெல்லாம் மனச்சாட்சி குத்தியது.

தவமணி பாதை சொல்லச் சொல்ல நான் அப்படியே ஒப்புவித்தேன். சந்தியில் இடப்பக்கம். கடையைத் தாண்டி மேட்டில் ஏறு. கறுப்புக் கேற். என் மனம் முழுக்க, அந்தப் பிடிவாதக்காரனை எப்படிச் சிரிக்க வைப்பது என்பதிலேயே இருந்தது. சாஹுல் ஹமீது வண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"சேர், இது ஒங்கட ஊடு தானே?"

அவ சொன்னா சரியாகத்தான் இருக்கும் என்று சொல்லி இறங்கினேன். கொலரைச் சரிசெய்தேன். வாசலுக்குப் போனேன். பாதி திறந்த கதவு. உள்ளே விளக்கு. வாசலில் ஒரு சோடிச் செருப்பு. என்னுடைய செருப்பு. நிலையில் பெயின்ற் கழன்று கிடந்தது.

தவமணி கமராவோடு நின்றாள். சேட்டைப் போடச் சொன்னாள், போட்டேன். கேக்கைப் பிடிக்கச் சொன்னாள், பிடித்தேன். பிறகு டெலிபோனை நீட்டினாள். அனுப்பியவர் லைனில் நிற்கிறாராம்.

"முதல்ல அவன்தான் கதைக்கோணும்," என்றேன்.

"வாங்கினவர் ஒரு வார்த்தை சொல்லோணும். ஆற்றை விதி இது? நீங்களே முறிக்கப் போறீங்களோ?"

கச்சேரியில் இருந்த காலத்தில் நான் ஒரு விதியையும் முறித்ததில்லை. ரிசீவரைக் காதில் வைத்தேன். மறுபக்கத்தில் மூச்சுச் சத்தம். சின்ன வயதில் தடிமன் பிடித்துச் சளி கட்டினால் இப்படித்தான் இழுப்பான். என் பிள்ளையின் மூச்சு.

"கிடைச்சது," என்றேன்.

"அப்பா," என்றான்.

பிறகு பனியைப் பற்றிக் கதைத்தோம், சாப்பாட்டைப் பற்றிக் கதைத்தோம். வேலைத்தலத்தில் களவாக என் தளத்தைத் திறந்து திறந்து மூடினவன் அவன்தானாம். உங்கட கோட் போட்ட படத்தைப் பாக்கத்தான் வாறனான் அப்பா, ஆனா நாதஸ்வரத்துக்கு சுப்பவைசர் எழும்பி வந்திடுவான், ஒருநாளும் உங்கட முகம் வரும்வரை இருக்கக் கிடைக்கேல்லை என்றான். நான் புதுச் சேட்டின் கையால் கண்ணைத் துடைத்தேன். அந்த நேரம் பார்த்துத் தவமணி படத்தை எடுத்துவிட்டாள்.

படம் போய்ச் சேர்ந்ததும் எங்கள் நிறுவனத்துக்கு முதலாவது முறைப்பாடு வந்தது. தவமணி திரையைப் பார்த்து வாசித்தாள். வாங்கியவர் அழுகிறார். விதிப்படி ஓடர் இன்னும் முடியவில்லை. அவர் சிரிக்கும்வரை ஒவ்வொரு ஞாயிறும் திரும்ப முயற்சிக்கவும்.

நான் உடனே ஒரு தந்திரமான முடிவு எடுத்தேன். எந்த ஞாயிறும் சிரிக்கப் போவதில்லை. இதைத் தவமணியின் காதில் இரகசியமாகச் சொன்னேன்.

"தெரியும்," என்றாள். "டெலிபோனுக்குப் பக்கத்தில உங்கட கதிரையைக் காலமையே போட்டிட்டன். புது ரோசாச் செடியாவது பிழைக்கட்டும்."