டீபாட்டோடு வந்துவிட்டாள், மாப்பிள்ளை

அன்பும் பெருமதிப்பும் உரிய மாப்பிள்ளை அவர்களுக்கு மாமனார் எழுதிக்கொள்வது.

இங்கு நான், உங்கள் அத்தை, உங்கள் மனைவி மூவரும் சுகம். உங்கள் மனைவி இங்கே சுகமாக இருக்கிறாள் என்று உங்களுக்கே நான் எழுத வேண்டியிருப்பதுதான் சுகமில்லாத விஷயம். அங்கே உங்கள் உடம்பு, வேலை, சாப்பாடு எல்லாம் ஒழுங்காக நடக்கும் என்று நம்புகிறேன். சாப்பாடு மட்டும் அவ்வளவு ஒழுங்காக நடக்காமல் இருந்தால் தேவலை என்று உங்கள் அத்தை சொல்கிறாள். அதை நான் எழுதவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். போனிலேயே பேசியிருக்கலாம். ஆனால் நான் போனைக் கையில் எடுத்தாலே உங்கள் அத்தை எதிரில் வந்து நின்று, அதைச் சொல்லாதே, இதைக் கேள் என்று ஜாடை காட்ட ஆரம்பித்துவிடுகிறாள். போன தடவை அவள் கையைப் பார்த்துக்கொண்டே பேசியதில் மழை, தண்ணீர்க் குழாய், உங்கள் மாடிவீட்டுக்காரரின் முழங்கால் என்று ஊர்ப்பட்ட கதையைப் பேசி, சொல்ல வந்ததைச் சொல்லாமலே வைத்துவிட்டேன். அதனால்தான் கடையில் மூக்குக்கண்ணாடிக்கு வந்தவர்களை எல்லாம் அனுப்பிவிட்டு இதை எழுதுகிறேன்.

அன்று சாயங்காலம் வாசலில் வண்டி வந்து நின்றது. உங்கள் மனைவி ஒரு கையில் பெட்டியோடும், இன்னொரு கையில் துண்டில் சுற்றிய எதையோ கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டும் இறங்கினாள். எனக்கு ஒரு கணம் தூக்கிவாரிப்போட்டது. நமக்குத் தெரியாமல் எப்போது என்று மனசுக்குள் மாதக்கணக்கு கூடப் போட்டுவிட்டேன், மன்னிக்க வேண்டும். பிரித்துப் பார்த்தால் டீபாட்.

"என்னம்மா, மாப்பிள்ளை வரலையா?"

"அவருக்குத்தான் மக் இருக்கேப்பா" என்றாள்.

அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்துகொண்டோம். அவள் வேலையிலிருந்து வந்து, டீபாட்டில் இலையைப் போட்டு, வெந்நீர் ஊற்றி, துணியைப் போர்த்தி, இரண்டு கோப்பை எடுத்துவைத்துக்கொண்டு உங்களைக் கூப்பிடுவாளாம். நீங்கள் அதற்கு முன்பே ஒரு மக்கில் டீ பையைத் தொங்கவிட்டு, கட்டட வரைபடம் போடுகிற உங்கள் அறைக்குள் போய் உட்கார்ந்திருப்பீர்களாம். அன்றைக்கும் அப்படித்தான். அவள் கேட்டதற்கு நீங்கள் தலையைத் தூக்காமல், "ரெண்டு பேருக்கு ரெண்டு மக் இருக்கு, நடுவுல இது எதுக்கு?" என்றீர்களாம். அவள் டீயைத் தொட்டியில் கவிழ்த்துவிட்டு, பாத்திரத்தைக் கழுவித் துடைத்துக்கொண்டு புறப்பட்டுவிட்டாள். கோபத்திலும் கழுவித் துடைத்திருக்கிறாளே என்று எனக்கு உள்ளூரப் பெருமைதான், ஆனால் அது இப்போது எதற்கு.

நான் பாட் கட்சி என்பது உங்களுக்குத் தெரியும். முதலில் உங்களைத்தான் கன்னாபின்னாவென்று திட்டினேன். இலை என்றால் விரிந்து, புரண்டு, சாரத்தை விடுவதற்கு இடம் வேண்டும், பைக்குள் போட்டுக் கழுத்தில் நூலைக் கட்டித் தொங்கவிட்டால் அது என்ன குற்றம் செய்தது என்றெல்லாம் சாப்பாட்டு மேஜையில் பிரசங்கம் செய்தேன். உங்கள் அத்தை பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "அவ்ளோ நல்லா தெரியும்னா கண்ணைக் கட்டிக்கிட்டு சொல்லுங்க பாப்போம்" என்றாள். கட்டிவிட்டாள். இரண்டு கோப்பை வந்தது. முதல் கோப்பையைக் குடித்தேன், சாயம் போன தண்ணீர் மாதிரி இருந்தது. இரண்டாவது குடித்தேன். ஆகா, இதுதான் பாட் டீ, பெற்ற மகள் கைப்பக்குவம் என்று கண்ணில் கட்டோடு கையைத் தட்டினேன். கட்டை அவிழ்த்தால் அதுதான் மக்கில் போட்ட டீ. ஊராருக்கெல்லாம் எழுத்து அட்டையைக் காட்டி, கடைசி வரி தெரிகிறதா என்று அதட்டுகிறவன், என் வீட்டில் முதல் எழுத்தையே தப்பாகப் படித்துவிட்டேன். உங்கள் மனைவி அதற்குக்கூடச் சிரிக்கவில்லை, மாப்பிள்ளை. அதுதான் எனக்குப் பயமாகப் போய்விட்டது. அவள் அழவில்லை, உங்களைத் திட்டவும் இல்லை. போன் மணி அடித்தால் முதல் ஆளாக எழுந்திருக்கிறாள், கடைக்கு வந்த போன் என்று தெரிந்ததும் திரும்ப உட்கார்ந்துகொள்கிறாள். ஒரு டீயில் ஒரு குடும்பம் பிரிந்துபோகுமா என்று நானும் என்னையே கேட்டுப் பார்க்கிறேன், போகாது என்று தைரியமாகச் சொல்ல வாய் வரமாட்டேன் என்கிறது.

இதற்கிடையில் இன்னொன்று. வாடிக்கையாளர் ஒருவரின் கண்ணாடியை வீட்டிலேயே மறந்துவிட்டேன் என்று ஒரு நாள் முற்பகலில் திரும்பி வந்தேன். மகள் இங்கிருந்தே வேலைக்குப் போயிருந்தாள். சமையலறை ஜன்னலோரம் உங்கள் அத்தை ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, இன்னொரு நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தாள். மக்கில்! நூல் வெளியே தொங்குகிறது! எத்தனை வருஷமாக நடக்கிறது இது என்று கேட்டேன். திருட்டுத்தனம் செய்தவள் மாதிரி அவள் முழிக்கவே இல்லை.

"நீங்க வேலைக்குப் போக ஆரம்பிச்ச நாள்லேருந்து."

"அப்ப பாட்?"

"அது நீங்க இருக்கும்போது. ஒருத்திக்கு எதுக்குங்க அவ்ளோ ஆர்ப்பாட்டம்?"

கடைக்குத் திரும்பி நடக்கிற வழியெல்லாம் அதே யோசனை. நானும்தான் கடையில் மக்கில் குடிக்கிறேன், இலை விரிகிறதா புரள்கிறதா என்று ஒரு நாளும் குனிந்து பார்த்ததில்லை. அப்படியென்றால் இது ருசி சம்பந்தப்பட்ட விஷயமே இல்லை. டீபாட்டில் ஒருவருக்கு மட்டும் போட மனசு வராது. போட்டுவிட்டால் அது ஊறும் வரைக்கும் எதிரெதிரே உட்கார வேண்டும், உட்கார்ந்தால் எதையாவது பேசத்தான் வேண்டும். எங்கள் வீட்டில் மகளைப் படிக்கவைத்தது, கடையை மாற்றியது, உங்களுக்குப் பெண் கொடுக்கலாம் என்று முடிவெடுத்தது எல்லாம் அந்தக் காத்திருப்பில்தான். மக் என்பது தனியாக இருக்கிறவர்களுக்கு. வீட்டில் இரண்டு பேர் இருக்கும்போது ஒருவர் தனியாக இருக்கிற மாதிரி குடித்தால் மற்றவர் என்ன செய்வார்? அதைத்தான் உங்கள் மனைவி சொல்லத் தெரியாமல் டீபாட்டைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாள். ஆகவே மாப்பிள்ளை, தயவுசெய்து அந்த மக்கைத் தூக்கிப் பரணில் போடுங்கள். இத்தனை வருஷமாக என் மனைவி முற்பகலெல்லாம் தன்னந்தனியாக ஜன்னலைப் பார்த்துக்கொண்டு குடித்திருக்கிறாளே! நாளையிலிருந்து அந்த நேரத்துக்குக் கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வருவதாக இருக்கிறேன். நான் திருந்தும்போது நீங்கள் திருந்தக் கூடாதா?

உங்கள் அப்பா அம்மாவுக்கு எங்கள் வணக்கத்தைச் சொல்லுங்கள். நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், ஒரே அடுப்படியில், ஆறிப்போகாத மனசோடு வாழ வேண்டும் என்று ஆசீர்வதிக்கும்,

உங்கள் மாமா.

பின்குறிப்பு: உறையை ஒட்டாமல் வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. மேலே சுகம் விசாரித்ததைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அடித்துவிடுங்கள். சொன்னபடியே இன்று முற்பகலில் கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போனேன். உங்கள் மனைவிக்கு விடுமுறை, உள் அறையில் இருந்தாள். நானே டீபாட்டில் டீ போட்டு, இரண்டு கோப்பையோடு உங்கள் அத்தை எதிரில் போய் உட்கார்ந்தேன். அவள் என்னையும் பார்த்தாள், கோப்பையையும் பார்த்தாள்.

"ஏங்க, உடம்புக்கு ஏதாவது பண்ணுதா?"

"இல்ல. நீ பாவம், தனியா குடிக்கிறியேன்னுதான்..."

"பாவமா? நாள் பூரா எனக்கே எனக்குன்னு இருக்கிறது இந்த கொஞ்ச நேரம்தான். அதுலயும் வந்து உக்காராதீங்க. சாயங்காலம் வாங்க, பாட்ல போட்டு வைக்கிறேன். உங்களைப் பாக்கணும்னு எனக்கு அப்பதான் இருக்கும்."

நான் போட்ட டீயை நானே எடுத்துக்கொண்டு எழுந்தேன். அப்போது உள்ளேயிருந்து ஒரு சிரிப்புச் சத்தம். வந்த நாளிலிருந்து முதல் சிரிப்பு. உங்கள் மனைவி வெளியே வந்து அம்மா பக்கத்தில் நின்றுகொண்டு சொன்னாள்:

"அவர் வேலை பாக்கும்போது தனியா மக்ல குடிச்சா குடிச்சிட்டுப் போகட்டும்பா. நான் அதை வேணாம்னு சொல்லவே இல்லை. வேலை முடிஞ்சப்புறம்? அப்பகூட என்னைப் பாக்கணும்னு அவருக்கு இருக்காதா?"

அவள் கேட்டது என்னிடம்தான், ஆனால் பார்த்தது வாசலை. இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுத வேண்டாம், மாப்பிள்ளை. நேரில் வந்து அவளிடம் சொல்லுங்கள்.