தாயம்மனுக்குக் கிடைத்த கார்டு

பர்மாவில், க்யிம்யிண்டைங் படகுத்துறையில் ஓர் இரும்புத் தூண் இருந்தது. இடுப்பளவு உயரம், மொட்டைத் தலை, உடம்பெல்லாம் துரு. கயிற்றைக் கட்டினால் படகு நிற்கும், அவிழ்த்தால் போகும். அதற்கு மேல் ஒரு தூணிடம் என்ன எதிர்பார்ப்பது? ஆனால் அதன் நெற்றியில் டி, ஏ, ஒய் என்று மூன்று இங்கிலீஷ் எழுத்துகள் வார்க்கப்பட்டிருந்தன. நம்மாட்கள் எழுத்துக் கூட்டி 'தாய்' என்று படித்துவிட்டார்கள். படித்தபின் சும்மா இருப்பார்களா? மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, தாயம்மன் ஆக்கிவிட்டார்கள்.

சம்பான் படகு ஓட்டும் செல்லக்கண்ணுவுக்கு அம்மனோடு சண்டை இல்லை. அவன் சண்டையெல்லாம் குடியுரிமைக் கார்டோடு. அவன் பிறந்தது இந்தத் துறையில், அவன் அப்பன் பிறந்ததும் இங்கேதான். மனுப் போட்டு நாலு வருஷம். கார்டு வராவிட்டால் இந்த மாசக் கடைசியோடு படகு லைசென்ஸ் போச்சு.

அந்த 1965-இல்தான் ஸ்காட்லாந்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. அங்கே டே என்றொரு ஆறு, அதன் கரையில் ஒரு சின்ன ஊர். ஊரார் தங்கள் பெருமைகளைப் பட்டியல் போடுகிறார்களாம். ஒரு பாலம், ஒரு மணிக்கூண்டு, ஒரு பிரபு வழுக்கி விழுந்த படிக்கட்டு. படிக்கட்டுக்கும் பலகை உண்டு. 'எங்கள் பட்டறையில் வார்த்து ஆற்றின் பெயர் பொறித்த தூண் ஒன்று உங்கள் துறையில் இருக்கிறதா?' என்று கேட்டிருந்தார்கள்.

பாரம்பரியம் அப்போது புது மோஸ்தர். சின்னங்கள் பரிசீலனை அதிகாரி ஊ டின் குடையோடும் ஃபைலோடும் துறைக்கே வந்துவிட்டார். பின்னால் குமாஸ்தா சூசைராஜ்.

"தூண் அந்நிய நாட்டில் பிறந்திருந்தால், அனுமதியின்றி இங்கே தங்கியிருக்கிறது. திருப்பி அனுப்பப்படும். இந்த மண்ணில் பிறந்திருந்தால் கௌரவிக்கப்படும்" என்றார் ஊ டின்.

தாயம்மன் சபைச் செயலாளர் பொன்னுத்துரை துள்ளிக் குதித்தார். "அந்நியமாவது! சுயம்பு, ஸயா! மண்ணைப் பிளந்துகிட்டு வந்தவ. இதோ இருநூறு கையெழுத்து."

"அண்ணே, அது ஆத்துப் பேரு. ஸ்கூல்ல பூகோளத்துல படிச்சிருக்கேன்" என்றார் சூசைராஜ்.

"நீ வேதக்காரன். உனக்கு அப்படித்தான் தெரியும்."

செல்லக்கண்ணுவுக்குப் பொறுக்கவில்லை. தூணுக்கு வயசு நிரூபணமானால் தன் குடும்பத்துக்கும் நிரூபணம் என்று கணக்குப் போட்டான்.

"ஸயா, அதைக் கப்பல்லேர்ந்து இறக்கினதே எங்க தாத்தா. கால் கட்டைவிரல் நசுங்கிப்போச்சு. மெட்ராஸ்ல ஏறி அதே கப்பல்லதான் அவரும் வந்தார். எழுபது வருஷம் ஆச்சு!"

ஊ டின் முகம் மலர்ந்தது. "எழுதிக்கொள், சூசைராஜ். பாட்டனார் கப்பலில் வந்த அந்நியர். மனுதாரரே ஒப்புதல்."

"தூணும் அதே கப்பல்தானே, ஸயா?"

"அதைச் சொல்வது நீ ஒருவன். அந்நியன் சாட்சி செல்லாது."

"அப்போ தாத்தா கப்பல்ல வந்தார்னு சொன்னதும் செல்லாதுதானே?"

"உனக்கு எதிராகச் சொன்னால் செல்லும்."

"அந்த இருநூறு பேருக்கு மட்டும் கார்டு இருக்கா?"

"ஒருவன் சொன்னால் கார்டு கேட்போம். இருநூறு பேர் சொன்னால் அது பொதுமக்கள் கருத்து."

ஒரே வாரத்தில் தூணுக்குக் கார்டு வந்தது. பெயர்: தாயம்மன். பிறந்த ஊர்: க்யிம்யிண்டைங். தகப்பன்: அவசியமில்லை. ஸ்காட்லாந்துக்கு, 'தங்கள் தூண் எதுவும் இங்கில்லை' என்று பதில் போனது. செல்லக்கண்ணுவுக்கு அந்நியர் கார்டு.

பொன்னுத்துரை அவனைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு மூன்று நாள் நீடித்தது. நாலாம் நாள் இருநூறு பேருக்கும் நோட்டீஸ். சபை மனுவின் முதல் வரியே இப்படி இருந்ததாம்: 'எங்கள் முன்னோர் கப்பலைவிட்டு இறங்கியபோதே அன்னை இங்கு எழுந்தருளியிருந்தாள்.' இருநூறு பேரும் கையெழுத்துப் போட்டு ஒப்புக்கொண்ட அந்நியர்கள். டீக்கடை, வெற்றிலைக் கடை, சலவைக் கடை, எல்லா லைசென்ஸும் ரத்து.

"இப்ப என்னடா செய்யறது, செல்லக்கண்ணு?"

"சிரிங்க, அண்ணே. நல்லாத்தானே சிரிச்சீங்க."

சூசைராஜ்தான் விதியைப் புரட்டினார். லைசென்ஸ் குடிமகன் பேரில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அவருக்குக் கை கால் இருக்க வேண்டும் என்று எங்கும் எழுதவில்லை. மறுநாளே செல்லக்கண்ணு மனுப் போட்டான். படகோட்டி: தாயம்மன். உதவியாள்: செல்லக்கண்ணு, அந்நியன். ஊ டின் இரண்டு முறை படித்தார். எல்லாக் கட்டமும் நிரம்பியிருந்தது. முத்திரை விழுந்தது. சாயங்காலத்துக்குள் இருநூறு பேரும் வரிசையில் நின்றார்கள்.

வருஷக் கடைசியில் ஊ டின் மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பினார்: 'இத்துறையின் ஒரே குடிமகள் ஒருவராகவே படகு ஓட்டி, டீ ஆற்றி, துணி வெளுத்து, ஒரு நாளும் லீவு எடுக்காமல் உழைக்கிறார். அந்நியர்களோ உதவியாட்களாகவே காலம் தள்ளுகிறார்கள்.'

சிறந்த உழைப்பாளி விருது தூணுக்கே. விழாவில் அதற்கு மாலை போட்டார்கள். கைதட்டிக்கொள்ள இருநூற்றொரு அந்நியருக்கும் எழுத்து மூலம் அனுமதி கொடுத்திருந்தார்கள்.